மந்திரமும் பதினேழாம் வாய்ப்பாடும்

காலை ஆறே முக்காலுக்கே வரிசை இரண்டாவது மாடிக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் குளியலறையிலிருந்து கழற்றிய ஷவர், துண்டில் சுற்றியபடி. கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் ஏந்தியதில்லை.

நான்காவது மாடியில் ஷவர் சாமி குடியிருந்தார். அடைத்த ஷவரைத் தன் வாளித் தீர்த்தத்தில் போட்டுக் கறுப்புத் துணியால் மூடுவார். மந்திரம் சொல்வார். ஒரு மணி நேரத்தில் அடைப்பு போய்விடும். எட்டிப் பார்க்கக் கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது. மூளையை வாசலில் கழற்றி வைக்கும்படி அவர் சொல்லவில்லை. அதை மக்களே செய்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அடைத்தது யாருடைய கண் என்றும் சொல்வார். இரண்டாவது மாடி அம்மாவிடம், வீட்டுக்குக் கடைசியாக வந்தவளின் கண் என்றார். வந்தவள் மருமகள். ஆறு மாதம் அவள் பிறந்த வீட்டில் இருக்க வேண்டுமாம். கணவன் மறுபேச்சுப் பேசாமல் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவந்தான். இன்று பத்து மணி வண்டி.

மருமகள் கேன்டீனில் வேலை பார்ப்பவள். சாமியிடமிருந்து திரும்பி வந்த ஷவரில் அடித்த புளித்த வாடை அவளுக்குப் பழக்கமானது. உப்புப் படிந்த கெட்டிலை வாரம் ஒருமுறை வினிகரில்தான் ஊறவைப்பாள். மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். சாமியைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகும் என்றாள் அத்தை.

ஏழு மணிக்கு மருமகள் ஒரு வாளித் தண்ணீரும், சுடவைத்த வினிகர் ஒரு பாத்திரமும் எடுத்துக்கொண்டு மேலே போனாள். அத்தை பதறிப் பின்னால் ஓடினாள்.

"சாமி, வாளியில வெறும் குழாய்த் தண்ணி. மந்திரம் உங்களோடது. பாத்திரத்துல வினிகர். கண்ணு என்னோடது. ஆளுக்கொரு ஷவர் போடுவோம்."

தீர்த்தம் இல்லாமல் ஆகாது என்றார் சாமி. சக்தி மந்திரத்துக்கா, வாளிக்கா என்று வரிசையில் நின்ற தையல்காரர் கேட்டுவிட்டார். சாமிக்கு வேறு வழியில்லை.

அவர் மந்திரம் சொன்னார். அவள் பாத்திரத்தை முறைத்தபடி பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள். நடுவில் ஒரு தப்பும் விட்டாள். வினிகர் அதைப் பொருட்படுத்தாமல் பொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் குழாயில் மாட்டிப் பார்த்தார்கள். அவளுடையது மழையாகக் கொட்டியது. சாமியுடையது ஜலதோஷக்காரன் மூக்குப்போல் சொட்டியது.

அவள் கண் பட்டுத்தான் தன் மந்திரம் பலிக்கவில்லை என்றார் சாமி.

"கண்ணு பட்டா அடைக்கும்னுதானே சொன்னீங்க?" என்றாள் அத்தை. "இவ ஒரு மணி நேரமா முறைச்சதுதான் தெறந்துகிச்சு."

சிரிப்பு மாடிப்படி முழுக்க இறங்கியது. தையல்காரர் சாமியின் கட்டிலுக்கு அடியிலிருந்து வினிகர் கேன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். அத்தை மகனைக் கூப்பிட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

வரிசையின் கடைசியில் நின்றவர் முண்டியடித்து மருமகள் முன் வந்தார். கை கூப்பினார். தன் வீட்டில் அடைத்தது யாருடைய கண் என்று இனி அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"ஷவர அடைச்சது தண்ணியில இருக்குற உப்புங்க. தலைய அடைச்சது எதுன்னு நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாக்கக் கூடாதா?"