வேங்கடாசலம் விழப் போன சனிக்கிழமை

"ஒரு பல்லுக்கு நாற்பதாயிரம் சார். உங்களுக்கு ரெண்டு," என்றாள், திருப்பதி பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண்.

வேங்கடாசலம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மகள் ஹரிப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம். அவளுக்கு வளையல் வாங்க வைத்திருந்ததே எண்பதாயிரம்தான்.

"தங்கத்துல கட்டினாக்கூட இவ்ளோ ஆவாதேம்மா."

"இது எலும்புல ஸ்க்ரூ போட்டுக் கட்றது சார். பிடிக்கவே மூணு மாசம் ஆகும். கல்யாண போட்டோல சிரிக்கணும்னா இப்பவே ஆரம்பிக்கணும்."

"கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்குது. வருமா?"

"பல்லுக்கு எந்தப் பாலிசில சார் தர்றாங்க? ஆக்ஸிடென்ட்டா இருந்தாத் தருவாங்க. உங்களுக்கு எப்படிப் போச்சு?"

மனைவி யசோதா சுட்ட தட்டையைக் கடித்ததில் போனது. அதை நினைத்து அவள் நாலு நாளாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவள் தட்டையை ஊர் பேர் தெரியாத பெண்ணிடம் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"திருமல ஏறும்போது அலிபிரி படியில விழுந்துட்டேன்," என்றார். பொய் சுலபமாகவே வந்தது. முன்பல் இருந்த இடத்தில் இப்போது தடுக்க ஒன்றும் இல்லையே.

மறுநாள் அவர் வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டி கம்பெனியில், ஆபீஸ் கிளார்க் இஸ்மாயில் அவருக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தான். பாலிசிக் காகிதத்தை இருவருமே பிரிக்கவில்லை. அது இருபது பக்கம், அதுவும் இங்கிலீஷ்.

"எந்தப் படிணா?"

"அந்த முழங்கால ஒடிக்கிற செங்குத்துப் படி இருக்குதே, அங்க."

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. புரட்டாசிச் சனிக்கிழமை மலையேறப் போய்ப் பல்லைக் கொடுத்த பக்தர் என்று, கான்டீன்காரர் அவருக்குத் தனியாகத் தயிர்சாதம் குழைத்து வைத்தார். வேங்கடாசலம் அதைத் தலை நிமிராமல் தின்று முடித்தார்.

இரண்டு நாள் கழித்து, சித்தூர் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஷோபா என்ற பெண் போன் செய்தாள்.

"விழுந்த இடத்து போட்டோ ஒண்ணு, பார்த்த சாட்சி ஒருத்தர் வேணும் சார்."

அவர் நேரே இஸ்மாயிலிடம் போனார். "நீ பார்த்தேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"நானா? அலிபிரில நீ இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு கேட்டா இன்னாணா சொல்றது?"

"தொணைக்கு வந்தேன்னு சொல்லு."

"தொணைக்கு வந்துட்டு, நீ பல்ல ஒடைக்கிறவரைக்கும் வேடிக்கையா பாத்துக்கினு இருந்தேன்? என் பேரு கெட்டுப்பூடும்ணா."

அன்று அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. விழாமலே விழுந்தேன் என்றால்தானே பொய்? போய் விழுந்துவிட்டால் நிஜம். தேதி மட்டும் ஒரு வாரம் தள்ளும். அதைப் பெருமாள் பெரிதுபடுத்த மாட்டார்.

சனிக்கிழமை காலை நகரி வீட்டிலிருந்து கிளம்பும்போது யசோதா புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

"என் தட்டையாலதான வேண்டிக்கினு போறீங்க?" என்று மறுபடி மூக்கைச் சிந்தினாள்.

அவர் செருப்பைத் தேடினார்.

செங்குத்துப் படிகள் வந்தன. வேங்கடாசலம் கோவிந்தா என்று இடது காலை வழுக்கவிட்டார். பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துவிட்டார்கள்.

"மெதுவா தாத்தா."

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

பத்துப் படி தள்ளிப் போய், இந்த முறை வலது காலை விட்டார். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள் அவர் வேட்டி முனையை எட்டிப் பிடித்தாள்.

"ஜாக்ரத்தையா நட நைனா. வூட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கல்ல?"

மூன்றாவது முறை கீழ்ப்பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தார். மெத்தென்று இருந்தது. மொட்டையடித்த பெரிய சரீரக்காரர் ஒருவர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகின்மேல் கிடந்தார் வேங்கடாசலம்.

"அடி பட்டுச்சாங்க?" என்று, இடி வாங்கியவரே கேட்டார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்தது. ஒருத்தர் மோர் கொடுத்தார். ஒருத்தர் பாதத்தைத் தேய்த்துவிட்டார். மஞ்சள் அம்மாள், "இவரத் தனியா வுடக்கூடாது," என்று தீர்ப்புச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டே மலை உச்சிவரை ஏற்றிவிட்டாள். நடுவில், போட்டோவாவது மிஞ்சட்டும் என்று இளைஞர்களில் ஒருவனிடம் செல்போனைக் கொடுத்தார். எடுத்த படத்தில் நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இந்த மனிதர் விழவே முடியாது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

சன்னிதியில் அவருக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை பேரை அனுப்பித் தாங்கியவனிடம், ஏன் என்னை விழவிடவில்லை என்றா கேட்பது? கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் யசோதாவிடம் முழுவதையும் சொன்னார்.

"தட்டைன்னே எழுதியிருக்கலாம்ல. நான் இன்னா கோச்சுக்கவா போறேன்?" என்றாள் அவள். "வுடுங்க. நீங்க வாய மூடிக்கினே சிரிங்க. பொண்ணு வளையலோட போவட்டும்."

திங்கட்கிழமை காலை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சித்தூருக்குப் போன் போட்டார்.

"அம்மா ஷோபா, நான் படியில விழலம்மா. வூட்ல தட்டை துன்னும்போது ஒடஞ்சது. வளையல் பணத்த எடுக்க மனசு வராம பொய் எழுதிட்டேன். அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டுடு. எங்க கம்பெனில மட்டும் சொல்லிடாத, வேல பூடும்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தமும், பிறகு கிழியும் சத்தமும் கேட்டன.

"கிழிச்சுட்டேன் சார், நிஜத்தையே புதுசா எழுதி அனுப்புங்க," என்றாள் ஷோபா. "உங்க கம்பெனி பாலிசில பல்லு கட்ட ஒரு லட்சம் வரைக்கும் தனியா இருக்கு, எப்படி ஒடஞ்சாலும் சரி, படியில விழுந்தேன்னு எழுதினதுக்குத்தான் இவ்ளோ நாளா சாட்சி கேட்டுக்கினு இருக்கோம்."