கொய்ங் சார் வாசித்த நிசப்தம்

ஒரு சத்தம் பிசிறில்லாமல் இருக்கிறது என்பதற்காகத் தலையில் அடித்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கொய்ங் சார். எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் கிளார்க். அவர் சயன்ஸ் லேப் அசிஸ்டென்ட். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

வெளிநாட்டு நண்பர்கள் யாரோ பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, ஒரு டிவி, எழுதிய புரோகிராமைப் பதிந்து வைக்க ஒரு கேசட் ரெக்கார்டர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வந்த பெட்டி அது. கொய்ங் சார் அதன் பின்னால் நாலு ஒயரைப் பற்றவைத்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரை மாட்டி, பாட வைத்துவிட்டார். பட்டனைத் தட்டினால் ‘கொய்ங்’ என்றது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதோடு விட்டாரா? கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துவிடுவார். ஒருநாள் சமையல்கட்டு மரியக்கா மாட்டிக்கொண்டார்.

“கேளுங்கக்கா. இது மொதத் தட்டு. இது ரெண்டாவது. எப்டி இருக்கு?”

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு சார். உலை கொதிச்சுக் கெடக்கு, நான் வெரசா போகணும்.”

“அதாங்க்கா கோளாறே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மரியக்கா நேரே என் மேஜைக்கு வந்தார். “ஒண்ணுபோல இருந்தா கோளாறாம்ல! எஞ்சாம்பாரு ஒருநாள் மாதிரி ஒருநாள் இல்லைன்னு இதே மனுசந்தான நேத்துக் கத்துனாரு?”

நானே போய் விசாரித்தேன். ஒலி என்பது ஏறி இறங்கும் அலையாம். ஒவ்வொரு முறை தட்டும்போதும் கம்ப்யூட்டர் அந்த அலையை அதே இடத்திலிருந்து தொடங்குகிறதாம். அதனால் எத்தனை தட்டினாலும் ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல அச்சாக விழுகிறதாம்.

“விழுந்தா என்ன சார்?” என்றேன்.

பதிலுக்கு வேறு கதை வந்தது. எழுபதுகளில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. அங்கேயே கட்டிக்கொடுத்திருந்த அக்கா மட்டும் வரவில்லை.

“எங்க லயத்து வீட்டு வரிசைக்கு மேல ஒரு வேதக்கோயில் சார். அங்க மிதி ஆர்மோனியத்த அக்காதான் வாசிக்கும். ஒரு கட்டைக்கு உள்ள ரெண்டு ரீடுத் தகடு, ரெண்டும் ஒத்தே போகாது. சத்தம் ஏறி ஏறி எறங்கும். எம்பத்திமூணுல அங்க நடந்த கலவரத்துக்கப்பறம் கடுதாசியே இல்லீங்க. நானும் எழுதி எழுதிப் பாத்து விட்டுட்டேன். மொகங்கூட மங்கிக்கிட்டு வருது, அந்தச் சத்தம் மட்டும் காதுல கெடக்கு. ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்.”

அதற்கப்புறம் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்கும்படி போதகர் அவரைக் கேட்டுக்கொண்டார். அன்று காலைதான் கொய்ங் சார் புரோகிராமில் இரண்டாவது அலையைச் சேர்த்திருந்தார். இரண்டும் ஒரே இடத்தில் கிளம்பினால் சத்தம்தான் கூடும், உயிர் வராது என்பது அவர் கட்சி. எனவே ஒன்றிலிருந்து மற்றதைச் சரிபாதி தள்ளிக் கிளப்பிவிட்டார். தட்டிப் பார்ப்பதற்குள் மழைக்குக் கரண்ட் போய்விட்டது. புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்ததால் தப்பித்தது. பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கி வந்து வைத்து, ஆராதனை தொடங்கும்போதுதான் கரண்ட் திரும்பி வந்தது; அவசரமாகக் கேசட்டிலிருந்து ஏற்றிக்கொண்டார்.

“இப்போது நம் சகோதரர் நம்மைத் தேவசமூகத்துக்கு நடத்துவார்” என்றார் போதகர்.

கொய்ங் சார் தட்டினார். சத்தமே இல்லை. அடுத்த பட்டன், அதற்கடுத்தது, பிறகு பத்து விரலாலும். ஒன்றும் வரவில்லை. குனிந்த தலையும் வியர்த்த நெற்றியுமாக அவரைப் பார்த்த சபையார், இது மௌன ஜெபம் என்று முடிவுகட்டி வரிசையாகத் தலைகுனிந்தார்கள். சபையே குனிந்தபின் அவர் எப்படி எழுந்து வருவார்? மூன்று நிமிஷம் ஓடியது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். கடைசியில் போதகரே மனமிரங்கி ‘ஆமென்’ சொன்னார்.

ஹாஸ்டல் வார்டனம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு உருக்கமா நான் ஜெபிச்சதே இல்ல சார்.”

வெளியே வந்ததும் கொய்ங் சார் என்னிடம் முனகினார். “ஒண்ணு ஏறையில இன்னொண்ணு எறங்கிருச்சு சார். தாண்டிக்குடி ஏத்தத்துல நின்னுபோன ஜீப்ப, முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன்னு எதிரெதிரா நின்னு தள்ளுன கதை.”

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வெள்ளனே அட்டுவம்பட்டியில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். “சட்டையப் போடுங்க சார். லேபுக்கு வாங்க.”

இந்த முறை இரண்டு அலைகளையும் அவர் கட்டிப்போடவில்லை. தட்டினாலும் தட்டாவிட்டாலும் அவை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். தட்டும்போது எங்கே இருக்கின்றனவோ அங்கிருந்தே ஒலிக்கும். ஒன்றின் வேகத்தை மயிரிழை குறைத்துமிருந்தார்.

தட்டினார். சத்தம் மெல்லப் பொங்கி, தாழ்ந்து, மறுபடி பொங்கியது. மறுபடி தட்டினார். அதே சுரம்தான், ஆனால் எழும்பிய விதம் வேறு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

வெகுநேரம் கழித்து எழுந்து ஸ்விட்சை அணைத்தார்.

“சார்! கேசட்டுல பதிஞ்சீங்களா?” என்று அலறினேன்.

“இல்லீங்க.”

“ஏன் சார்? எல்லாம் அழிஞ்சுபோச்சே!”

“பதிஞ்சு வச்சா தெனம் இங்கயே உக்காந்து கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். அக்காவுக்குக் கடுதாசி யாரு எழுதுறது? கெளம்புங்க, போஸ்ட் ஆபீசு வரைக்கும் ஒரு சோலி இருக்கு.”

அன்றே எழுதிப் போட்டார். பிறகு மாதம் ஒன்று தவறவில்லை. அய்யம்பாளையத்துக்கு வேலை மாறி நான் மலையிறங்கும்வரை ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் தபால்காரர் மணியடிக்கும்போது, பள்ளிக்கூட கேட்டில் கொய்ங் சாருக்கும் முந்திப் போய் நின்றது நான்தான்.