சம்பந்தி கொடுத்த செடி

"பங்கஜம்! கடைசி இலையும் விழுந்துட்டு!"

நல்லசிவத்தின் குரல் தி. நகர் வீடு முழுக்கக் கேட்டது. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நம்பிக் கொடுத்த பொருளைக் கெடுத்தார் என்று பேர் வாங்காத குடும்பம்.

மகனுக்கு நிச்சயம் செய்த தை மாதத்தில், குன்னூர்ச் சம்பந்தி மாணிக்கவாசகம் கொடுத்த தென்னாப்பிரிக்கச் செடி அது. சாண் உயரம் இல்லை. ஆனால் வெள்ளி பூசிய இலை, பட்டாம்பூச்சி போலப் பூ.

"இதை நீங்க வளர்க்கிற அழகை வச்சு, எம் பொண்ணு மீனாட்சியை எப்படி வச்சுக்கிடுவீங்கன்னு தெரிஞ்சுக்கிடுவேன்" என்றிருந்தார்.

சித்திரையில் இலை பழுத்தது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார், பாதி உதிர்ந்தது. வெயிலில் வைத்தார், மீதியும் போயிற்று. மிஞ்சியது, முண்டும் முடிச்சுமாக ஒரு விரல்கட்டை.

"நாள் குறிக்கச் சாயங்காலம் வாராகளே! மானம் போயிரும்."

கட்டையைப் பிடுங்கித் தாளில் சுற்றி, பரணில் மளிகைப் பொட்டலங்களோடு ஒளித்தார். தொட்டியில் கற்பூரவள்ளியை நட்டார்.

மூக்கடைப்போடு வந்திறங்கிய சம்பந்தி, தொட்டியைப் பார்த்ததும் முகம் சுண்டினார்.

"கோடையில இலையா? இது கோடை முழுக்க உறங்குற செடியாச்சே. குளிர் வந்தாத்தான் முழிக்கும். இப்ப மொட்டையால்ல இருக்கணும்?"

நல்லசிவத்துக்கு வேர்த்தது. பங்கஜம் அசரவில்லை.

"அது கண்ணேறுக்கு வச்சது அண்ணாச்சி. உங்க செடி உள்ள உறங்குது" என்று பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

மாணிக்கவாசகம் இரு கைகளாலும் வாங்கினார். கண் கலங்கிவிட்டது.

"என்ன அருமையா உறங்க வச்சிருக்கீக! பார்த்தா காய்ஞ்ச கட்டை. உள்ள பச்சையா உசிரு ஓடும். எனக்கே இப்படி வாய்ச்சதில்லை."

கற்பூரவள்ளியைப் பிடுங்கிவிட்டு, அதைத் தானே தொட்டியில் நட்டார்.

"மார்கழியில இது துளிர்க்கட்டும் சம்பந்தி. தையில கல்யாணம்!"

நல்லசிவத்தின் முதுகு நிமிர்ந்தது.

"எங்க குடும்பத்துல ஒண்ணைக் கொடுத்தா உசிராக் காப்போம். செண்பகம்! ஐயாவுக்குச் சுக்குக் காபி என்னாச்சு?"

அடுக்களையில் இடிக்கிற சத்தம் நின்றது. வேலைக்காரி செண்பகம் தலையை நீட்டினாள்.

"யம்மா, பரண்மேல கீற சுக்கு இன்னாம்மா இது? இடிச்சா உள்ள பச்சைப்பசேல்னு கீது, காரமே இல்ல!"