செப்புத்தொட்டி மது

முத்தேறல் என்றொரு நாடு. மூன்று சீமைகள், மூன்று மது. மலைச்சீமையின் கறுப்பு மதுவில் கிராம்பும் நனைந்த பாறையும் மணக்கும். ஆற்றுச்சீமையுடையது கொய்யா வாசனையோடு லேசாக இறங்கும். கடற்சீமையின் வெள்ளை மது நாக்கு நுனியில் ஓர் உப்புக்கல்லை வைத்துவிட்டுப் போகும். இவற்றைச் சுவைத்துச் சொல்வது தேவானையின் வேலை. ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்புவாள். பிறகு சுவை அடங்கும்வரை பேசமாட்டாள். சுவைஞர் வாய் திறக்காமல் ஒருவரும் குவளையைத் தொடுவதில்லை என்பது அந்நாட்டு வழக்கம்.

புது மன்னர் ஒரே நாடு, ஒரே சுவை என்று ஆணையிட்டார். மூன்று மதுவும் மண்சாடிகளிலிருந்து ஒரே செப்புத்தொட்டிக்குப் போயின. தொட்டியைச் செய்தவர் மந்திரி அம்பலவாணரின் மைத்துனர். பத்தே நாளில் செம்பில் பச்சைக் களிம்பேறியது. குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். மலைச்சீமையில் தேவானையின் தங்கையும் படுக்கையில் விழுந்தாள்.

"களிம்பேறியிருக்கு. தொட்டிய மூடுங்க" என்றாள் தேவானை.

"அம்மணி, அந்தச் சொல் நேற்றோடு நீக்கப்பட்டுவிட்டது" என்றார் மந்திரி. "இனி அதன் பெயர் செம்மை."

"கசந்தா?"

"முதிர்ந்த இனிப்பு."

"புளிச்சா?"

"இளமையான இனிப்பு."

"நெசமாவே இனிச்சா?"

"அப்படிப் புகார் எதுவும் வரவில்லை."

அன்றிலிருந்து தேவானை பேசவில்லை. தினமும் தொட்டியருகே நின்று ஒரு மிடறு துப்பிவிட்டுச் சும்மா இருந்தாள். வெயில் கோபுரத்தைத் தாண்டும்வரை இருந்தாள்.

"அக்கா இன்னும் வாயத் தொறக்கல" என்றான் ஒரு மூட்டைதூக்கி. "குடிச்சிராதீங்கப்பா."

குவளைகள் அப்படியே கவிழ்ந்தன. மறுநாளே ஆணை வந்தது: மௌனம் சம்மதம். மறுப்பவர்கள் அனுமதிக்கப்பட்ட சொற்களால் உரக்க மறுக்கலாம்.

அறுவடைத் திருநாளில் மன்னர் மேடையேறி, "தொட்டி தொடரலாமா?" என்று கேட்டார். நிறைந்த குவளைகளோடு நாடே வாய்மூடி நின்றது. 'ஏகமனதாக' என்று ஓலை எழுதப்பட்டது.

மன்னருக்குக் கண் கலங்கியது. அதுவரை அரண்மனையில் ஒளித்து வைத்திருந்த மண்சாடி மதுவையே குடித்தவர், முதல்முறையாகத் தொட்டியிலிருந்து ஒரு குவளை கேட்டார்.

தேவானை ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பினாள்.

"எப்படி?" என்றார் மன்னர்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் வறண்ட உதடுகள் நினைவுக்கு வந்தன. ஒரு கணம் நாக்கு அசைந்தது. அதற்குரிய சொல் நாட்டில் இல்லை.

மன்னர் திரும்பினார். "மௌனம் சம்மதம்தானே, மந்திரியாரே?"

அம்பலவாணருக்கு வியர்த்தது. வாயைத் திறந்தார். தடுக்க ஒரு சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தார்.

"ஆம், மன்னா."

மன்னர் ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் காலை அரண்மனை முரசு அறிவித்தது: மன்னர் மிகச் செம்மையாக இருக்கிறார்.

மக்கள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மண்சாடிகளைக் கழுவத் தொடங்கினார்கள்.