கூடை அண்ணாச்சியின் களவு

கூடை அண்ணாச்சியைப்போல நேர்மையான திருடனைக் குழித்துறையிலிருந்து கன்னியாகுமரி வரை தேடினாலும் பார்க்க முடியாது. அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். செடியைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது.

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வயர்கூடை பின்ன உட்கார்ந்துவிடுவார். அதிகாரி முதல் காவலாளி வரை எங்கள் எல்லோர் கையிலும் அவர் பின்னிய கூடைதான். அவருடைய கூடையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரு சின்னக் கத்தியும் ஈரத்துணியும் இருக்கும். எந்த மதிலுக்கு மேல் புதுப் பூ தெரிந்தாலும், அதில் ஒரு கம்பு கூடைக்குள் வந்துவிடும்.

"கேட்டா தரமாட்டாங்களா அண்ணாச்சி?"

"கேட்டு வாங்குன கம்பு வேரு பிடிக்காது மக்கா. களவாண்டு வச்சாத்தான் பிடிக்கும்."

ஊரில் பலரும் சொல்வதுதான். அண்ணாச்சி அதைச் சட்டமாகவே வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் நாமும் திருடியாக வேண்டும். மறைந்த மனைவி நட்ட மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியின் பக்கத்தில் நம்மை நிறுத்திவிட்டு, தான் மட்டும் திரும்பி நின்று வானத்தைப் பார்ப்பார்.

"நான் ஒண்ணும் பாக்கல. ஆனா உங்க மைனி வச்சதாக்கும், நுனியில ஒடிச்சிராத!"

அப்படி நான் திருடிய கம்பு, சுசீந்திரத்தில் என் வீட்டு முற்றத்தில் ஆளுயரம் வளர்ந்து பூத்தது.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு, சாலையை அகலப்படுத்தியதில் அவர் வீட்டு மதில் போயிற்று. கூடவே செம்பருத்தியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடையோடு என் வீட்டுக் கேட்டில் வந்து நின்றார்.

"சும்மாதான் வந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

காரை நிறுத்த வசதியாக, போன மாதம்தான் செம்பருத்தியை வெட்டிவிட்டு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருந்தேன். திரும்பி நின்றேன். செருப்புச் சத்தம் முற்றத்தை ஒரு சுற்று சுற்றி, ஒரு மூலையில் வெகுநேரம் நின்றது.

"கல்லு நல்லாருக்கு மக்கா. மழையில வழுக்காது" என்றார்.

திட்டியிருக்கலாம். சாயா குடித்தார், என் மகளின் படிப்பை விசாரித்தார், காலிக் கூடையோடு பஸ் ஏறினார்.

அவரிடம் திருடியவர்கள் வீட்டுக்கெல்லாம் அலைந்தேன். ஒருவர் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டார். இன்னொருவர் செடியை ஆடு தின்றுவிட்டது. மற்றவர்கள் முற்றத்திலும் கல்தான். நர்சரியில் மஞ்சள் அடுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அது மைனி நட்டது ஆகுமா?

மன்னிப்புக் கேட்கப் போகலாம். போனால், "அதுக்கென்ன மக்கா, விடு" என்று என்னைத்தான் தேற்றுவார். அதற்குப் பயந்தே இன்னும் போகாமல் இருக்கிறேன்.