பெட்டி கிளம்பிவிட்டது, துரை கிளம்பவில்லை

சூலம் பார்க்காமல் தெருமுனைக்குக்கூடப் போகாத மனிதர் என்று மதுரை ஜில்லாவிலேயே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் ஒரு வெள்ளைக்காரர். நம் ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுக்கும் ஜோசியர்களே ராகு காலத்தில் ஓடிப்போய் பஸ் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் சூலம் துரை என்று கூப்பிட்ட அந்த வெள்ளைக்காரர் ஏற மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்தேன். நூல் மண்டியில் வேலை. பக்கத்து அறையில் துரை. டென்மார்க்காரர். கிராமங்களில் குடிதண்ணீருக்கு போர் போட்டுக் கொடுக்க ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் ஒரு வருஷத்துக்கு என்று அவரை அனுப்பியிருந்தது. அந்த ஒரு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. அவருடைய நிஜப் பெயரைச் சொல்ல முயன்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆகவே துரை.

அவருக்கு இந்தப் பித்து பிடித்ததற்கு டிரைவர் பாண்டிதான் காரணம். வந்த புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை. கொட்டாம்பட்டிப் பக்கம் போர் போடக் கிளம்பியிருக்கிறார்கள். "வடக்கே சூலம் துரை, ஒரு வாய் பால் குடிச்சிட்டு வண்டி ஏறுங்க" என்றிருக்கிறார் பாண்டி. துரை சிரித்தார். அன்று மதியம் துளைபோடும் பிட் பாறைக்குள் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

அதோடு சிரிப்பு நின்றது. செவ்வாய், புதனில் வடக்கே போனால் பால். வெள்ளிக்கிழமை மேற்கே போனால் வெல்லம். வாடிப்பட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் போர் திறப்பு விழாவுக்கு வந்தார். அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் துரை கேட்ட முதல் கேள்வி, "வெல்லம் தின்னுட்டு வந்தீகளா?" என்பதுதான். அதிகாரி இல்லை என்றார். துரை தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டினார். வியர்வையில் பாதி கரைந்திருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் அதிகாரி அதைச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

"சாமியே இல்லைங்கிறீக, சூலத்தை மட்டும் எப்படி நம்புறீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமிய நான் பாத்ததில்ல மாப்ள. மாட்டுன பிட்டைப் பாத்திருக்கேன்ல?" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது. வேலை முடிந்தது, இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வா என்று. கூடவே மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட். நான்காம் நாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க எனக்கு யாரு இருக்கா மாப்ள? ஒரு அக்கா. வருசத்துக்கு ஒரு கார்டு போடும். நான் தெருவுல நடந்துபோனா ஒருத்தன், என்ன துரை சாப்பிட்டியான்னு கேப்பானா?"

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். போய்ப் புரோட்டா சாப்பிட்டோம்.

டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகத்தில் திடீரென்று வெளிச்சம். ரயில் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம்! பால் குடித்தால் போயிற்று என்று லாட்ஜ் மேனேஜர் சமாதானம் சொன்னார்.

"பால் கொட்டாம்பட்டி வரைக்கும் தாங்கும்ணே. கோபன்ஹேகன் வரைக்குமா தாங்கும்?"

மேனேஜர் விடவில்லை. "அப்ப பரஸ்தானம் வச்சிருவோம். ஞாயித்துக்கிழமை நல்ல நேரத்துல உங்க பெட்டியக் கொண்டுபோய் அடுத்த வீட்டுல வச்சிட்டா, நீங்க அப்பவே கிளம்பிட்டதா அர்த்தம். அப்புறம் நீங்க என்னைக்குப் போனாலும் தோசமில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை மேனேஜர் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை துரையின் பெட்டி மாலை மரியாதையுடன் எதிர்த்த டீக்கடைக்குப் போனது. துரை எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார். மேனேஜர் அழுதார். டீ மாஸ்டர் அழுதுகொண்டே அனைவருக்கும் டீ கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் துரை அறைக்குத் திரும்பிப் படுத்துத் தூங்கினார். செவ்வாய்க்கிழமை ரயில் வந்தது, போனது. துரை போகவில்லை.

"அதான் கிளம்பியாச்சே மாப்ள. பெறகென்ன அவசரம்?"

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. சட்டை வேட்டி எல்லாம் பெட்டிக்குள். பரஸ்தானம் போன பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. ஆகவே தினமும் காலையில் லாட்ஜில் குளித்துவிட்டு, இடுப்பில் ஈரத்துண்டோடு ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொள்வார். அந்த ஆறடி உயரத்துக்கு நம் ஊர்த் துண்டு எம்மாத்திரம்? பஸ்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போயின. டீக்கடையில் வியாபாரம் கூடியது.

ஊரிலிருந்து இரண்டாவது தந்தி: ஏன் இன்னும் கிளம்பவில்லை? கிளம்பிவிட்டேன் என்று பதில் கொடுத்தார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு குமாஸ்தா.

"விசா முடியப் போகுதே, ஏன் இன்னும் போகல?"

"நான் கிளம்பியாச்சு சார்."

"கிளம்புன ஆளு எப்படிய்யா என் முன்னால நிக்கிறீரு?"

"பரஸ்தானம் வச்சாச்சு சார். பெட்டி டீக்கடையில இருக்கு."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப வச்சது?"

"ரெண்டு மாசம்."

"யோவ், பரஸ்தானம் மூணு நாளைக்குத்தான்யா செல்லும்! அதுக்குள்ள போகலைன்னா அது சும்மா பெட்டி!"

சர்க்காரை எதிர்க்கத் துரை தயாராக இருந்தார். சாஸ்திரத்தை எதிர்க்க அவரால் முடியவில்லை.

மறுபடி நாள் பார்த்தோம். இந்த முறை சூலம் இல்லை, ராகு இல்லை, பஞ்சாங்கத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்கால ரயில். பாண்டி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். துரை படியிறங்கினார். எதிரே கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர், இடுப்பில் நிறைகுடத்தோடு வரிசையாக நடந்து வந்தார்கள். முதன்முதலில் பிட் சிக்கிய அதே ஊர். அவர் போட்ட போரில் அடித்த தண்ணீர். பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். கிளம்பும்போது எட்டுக் குடமாம். குலுக்கலில் சிந்தியது போக, ஒன்றிலிருந்து ஒன்று ஊற்றியதில் நாலுதான் நிறைந்தது. காலிக் குடம் எதிரே வரக்கூடாது என்று மிச்சம் நாலையும் டீக்கடைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

பெட்டியை எடுக்க டீக்கடைக்குள் போன துரை அந்தக் காலிக் குடங்களைப் பார்த்துவிட்டார். ஒரு வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"ஆத்தா, இதை எடுத்துக்கிட்டு ஒரே ஒருக்கா என் எதுக்க வாங்களேன்! நான் போகாம இருந்துக்கிறேன். ஒரே ஒருக்கா!"

யாரும் கை நீட்டவில்லை. அவர்களில் மூத்த அம்மாள் குடத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தண்ணி குடுத்த மனுசனுக்கு வெறுங்குடத்தைக் காட்டுவமாய்யா? எங்க கை விளங்குமா? நல்லபடியாப் போயிட்டு வாங்க ராசா."

துரை எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். யாராவது தும்ம மாட்டார்களா என்று எனக்கே இருந்தது. யாருக்கும் தும்மல் வரவில்லை. அவர் ஜீப்பில் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தார்.

"கிளம்பிட்டா திரும்பிப் பாக்கக் கூடாது துரை" என்றார் மேனேஜர்.

"தெரியும்ணே" என்றார் துரை.

ஜீப் நகர்ந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர், பாலத்தின் பக்கம் வண்டி வளைந்து மறையும் வரை கண்ணை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் மீறிய ஒரே சாஸ்திரம் அது. அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்கக் கூடாது, யாராவது ஒருவர் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.