மொட்டை மாடியில் இரண்டு படுக்கையறை

அன்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தரகரோடு வருகிறேன், மூன்று வீடு பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். உங்கள் தங்கையின் திட்டம் இன்னும் முடியவில்லை.

பத்தொன்பது வருஷமாக வாடகை வீடுகளில் இருந்துகொண்டு சொந்த வீட்டுக்கு அவள் ஏங்குவது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பால்கனியைப் பார்த்து மயங்கி நான் தலையாட்டிவிட்டு வந்தேனே, அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று தெரிந்ததிலிருந்து, "முதல்ல நமக்கு என்ன வேணும்னு தெரியணும். அப்புறம்தான் அடுத்தவங்க வாசப்படி மிதிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். நாற்பது டீச்சருக்குக் கால அட்டவணை போடுகிறவள், சும்மா விடுவாளா? மூன்று நோட்டு நிரப்பினாள். அதுவும் போதாதென்று, நம் சக்திக்கு எட்டும் அளவில் ஒரு வீட்டையே மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்து, "ஒரு மாசம், தினமும் சாயங்காலம் இதுக்குள்ள வாழ்ந்து பார்ப்போம்" என்றாள். முதல் நாளே நான் காபி டம்ளரோடு நேரே நடக்க, "ஏங்க, சுவத்துக்குள்ள புகுந்து வர்றீங்க!" என்று ஒரு கத்தல். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு வாத்தியாரிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பாத்ரூம்ல நிக்கிறீங்க" என்றாள் எங்கள் மகள். மனுஷர் பதறிப்போய் வெளியே வந்து, இல்லாத கதவைச் சாத்திவிட்டார். சிரிக்காதீர்கள் மச்சான்! அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும், மகள் படிக்கத் தனி அறை இல்லாமல் ஆகாது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என் கதி என்ன? பத்து வருஷத்துக்கு மேல் பழைய வீடு கூடாது, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, ஐம்பது வீடாவது பார்க்காமல் எதற்கும் சரி சொல்லக் கூடாது என்று இப்போது சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இப்படி ஒரு மூளைக்காரியை எனக்குக் கட்டிவைத்தீர்களே, நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

உங்கள் தங்கை சொன்ன சொல் தட்டாத,
மாப்பிள்ளை.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வீட்டுக்காரர் வந்துவிட்டார். இந்த வீட்டை விற்கப் போகிறாராம். விலை நமக்குக் கட்டுப்படியாகும். வேண்டாமென்றால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். நான் நோட்டை எடுத்து வருவதற்குள் உங்கள் தங்கை, "நாங்களே வாங்கிக்கறோம்" என்று சொல்லிவிட்டாள்! முப்பது வருஷப் பழைய வீடு, இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. "என்னடி இது?" என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "எங்க ஒழுகும்னு தெரிஞ்ச வீடுங்க இது. இதுல மட்டும் பதினோரு வருஷம் இருந்திருக்கோம். வேற எந்த வீட்டைப் பத்தி நமக்கு இவ்வளவு தெரியும்?" ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். வரும்போது ஒரு நல்ல கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.